பணியிடத்தில் ஊசி குத்தினால்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து குறித்துப் பணியாளர்கள் கேட்கும் கேள்விகளும் விடைகளும்

மருத்துவமனை, ஆய்வகம், பிணவறை, ஆம்புலன்ஸ், மருத்துவக் கழிவு அகற்றும் இடம் ஆகியவற்றில் பணிபுரிவோர் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மருந்தின் தன்மையைவிட, அதைக் கேட்டுப் பெறுவதில் உள்ள தயக்கத்துக்கே கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறோம். இந்த மருந்து பலன் தராமல் போவதற்குப் பெரிய காரணங்கள் தாமதமும் பாதியில் நிறுத்துவதும்தான். அவ்விரண்டுக்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயமோ கூச்சமோ ஆகும்.

பெப் என்றால் என்ன?

தொற்றுள்ள இரத்தமோ உடல் திரவமோ ஒருவரின் உடலுக்குள் புகுந்திருக்கலாம் என்ற நிலை ஏற்பட்டவுடன் தொடங்கி, 28 நாள்கள் இடைவிடாமல் உட்கொள்ள வேண்டிய எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்துகளையே மருத்துவமனைகளில் சுருக்கமாகப் பெப் என்கிறார்கள். டெனோபோவிர், அதனுடன் லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடாபின், மூன்றாவதாக டோலுடெகிராவிர் என்பது இன்று பரவலாகக் கொடுக்கப்படும் கூட்டு. 2018 முதல் உலக சுகாதார நிறுவனம் பெப் மருந்தில் டோலுடெகிராவிருக்கே முதலிடம் தருகிறது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொள்வதும் இதே வகை மருந்துகளைத்தான்.

உடலில் நுழையும் வைரஸ் அந்தக் கணமே நிலையான தொற்றாக மாறிவிடுவதில்லை. நுழைந்த இடத்துக்கு அருகிலுள்ள செல்களில் முதலில் தங்கி, அங்கிருந்து ஓரிரு நாள்களில் நிணநீர் முடிச்சுகளை அடைந்து, பின்னரே இரத்தம் முழுவதும் பரவுகிறது. அந்தச் சிறிய இடைவெளியில் வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள விடாமல் தடுப்பதே இம்மருந்தின் வேலை.

ஊசி குத்திய உடனே முதலில் என்ன செய்ய வேண்டும்?

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் தண்ணீரோ சலைன் நீரோ விட்டுப் பல நிமிடங்கள் அலச வேண்டும். வாயில் பட்டிருந்தால் துப்பிவிட்டுப் பலமுறை கொப்பளிக்க வேண்டும். விரலைப் பிசைந்து இரத்தத்தைப் பிதுக்குவது, வாயில் வைத்து உறிஞ்சுவது, பிளீச் ஊற்றுவது, எரியும் திரவங்களைத் தேய்ப்பது ஆகிய எதையும் செய்யக் கூடாது. அவை திசுவைப் புண்ணாக்குமே தவிரப் பாதுகாப்புத் தருவதில்லை. கழுவி முடித்ததும், செய்துகொண்டிருந்த வேலையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பொறுப்பாளரிடம் தகவல் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்கிறார்களே, பிறகு எதற்கு ஒரு மாதம் மருந்து சாப்பிட வேண்டும்?

வாய்ப்பு குறைவு என்பது உண்மையே. எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால், மருந்து எதுவும் எடுத்துக்கொள்ளாத நிலையில், தொற்று ஏற்படும் வாய்ப்பு சராசரியாக 0.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 300 காயங்களுக்கு ஒன்று. கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வில் இரத்தம் பட்டால் அது 0.1 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. காயமற்ற தோலின் மீது இரத்தம் பட்டால் மருந்தே தேவைப்படாது. வியர்வை, கண்ணீர், எச்சில், சிறுநீர் ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் கலந்திருந்தாலன்றி அவற்றைக் குறித்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் சராசரி என்பது எல்லாக் காயங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஊசி ஆழமாக இறங்கியிருந்தாலும், கருவியின் மேல் இரத்தம் கண்ணுக்குத் தெரிந்தாலும், அந்த ஊசி நோயாளியின் சிரையிலோ தமனியிலோ நேரடியாகச் செருகப்பட்டதாக இருந்தாலும், நோயாளி நோய் முற்றிய நிலையில் இருந்தாலும் அபாயம் சராசரியைவிடப் பல மடங்கு கூடுகிறது. இரத்தம் எடுத்து முடித்த கையோடு உள்ளங்கையில் ஆழமாக இறங்கிய உட்குழல் ஊசியையும், தையல் போடும்போது கையுறையைத் தாண்டி விரல் நுனியைக் கீறிய தையல் ஊசியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இந்த வேறுபாட்டை எடைபோடுவது மருத்துவரின் பொறுப்பு. "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று காயம் பட்டவர் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வதும், "எல்லாம் முடிந்துவிட்டது" என்று உடைந்துபோவதும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை. இரண்டாவது நிலையில் இருப்பவருக்கு இந்த எண்களைப் பொறுமையாக எடுத்துச் சொன்னாலே பாதிப் பாரம் இறங்கிவிடும்.

இந்த மருந்து உண்மையிலேயே தடுக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்?

காயம் பட்டவர்களில் பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துச் சோதிப்பது அறமாகாது என்பதால் அத்தகைய ஆய்வு கிடையாது. ஆதாரம் வேறு வழிகளில் கிடைத்தது. 1997இல் வெளியான ஆய்வொன்றில், ஊசிக் காயத்தால் தொற்று அடைந்த மருத்துவப் பணியாளர்களையும், அதே வகைக் காயம் பட்டும் தொற்று அடையாதவர்களையும் ஒப்பிட்டபோது, காயத்துக்குப் பின் சிடோவுடின் மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்று வாய்ப்பு ஏறத்தாழ 81 சதவீதம் குறைந்திருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு வெளிவந்த குரங்குகள் மீதான ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் டெனோபோவிரைத் தொடங்கி 28 நாள்கள் கொடுக்கப்பட்டவை பாதுகாக்கப்பட்டன. தொடங்குவதைத் தாமதித்தபோதும், 3 அல்லது 10 நாள்களோடு நிறுத்தியபோதும் அந்தப் பாதுகாப்பு குறைந்தது. 28 நாள்கள் உட்கொள்ள வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற இரு வரம்புகளுக்கும் பெரிதும் அடிப்படையானவை இத்தகைய ஆய்வுகளே.

அமெரிக்காவில் 1985 முதல் 2013 வரை, பணியின்போது எச்.ஐ.வி. தொற்று அடைந்ததாக உறுதி செய்யப்பட்ட மருத்துவப் பணியாளர்கள் 58 பேர். அவர்களில் 1999க்குப் பிறகு தொற்று அடைந்தவர் ஒரே ஒருவர். பாதுகாப்பான ஊசிகள், நோயாளிகளுக்குக் கிடைக்கும் நல்ல சிகிச்சை, பெப் மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன.

72 மணி நேரம் இருக்கிறதே, பணி நேரம் முடிந்த பிறகோ மறுநாளோ போனால் போதாதா?

போதாது. 72 மணி நேரம் என்பது அதற்குமேல் தாமதித்தால் பலனை எதிர்பார்க்க முடியாது என்னும் கடைசி எல்லை. அதுவரை காத்திருக்கலாம் என்று யாரும் அனுமதி தரவில்லை. முதல் சில மணி நேரத்துக்குள், இயன்றால் இரண்டு மணி நேரத்துக்குள், முதல் மாத்திரையை விழுங்கிவிட வேண்டும். பரிசோதனை முடிவுக்காகவோ, நிபுணர் வருவதற்காகவோ, படிவம் நிரப்பி முடிப்பதற்காகவோ முதல் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து தேவையில்லை என்று பின்னர் தெரியவந்தால் அப்போது நிறுத்திக்கொள்ளலாம். அதனால் இழப்பு ஏதுமில்லை.

காயம் பட்டவர்களில் பலர் அதை யாரிடமும் சொல்வதே இல்லை என்பது உண்மையா? ஏன்?

உண்மை. அமெரிக்காவில் அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்த மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், பயிற்சியின் இறுதியாண்டை எட்டியவர்களில் 99 சதவீதத்தினர் ஒருமுறையேனும் ஊசிக் காயம் பட்டிருந்தனர். கடைசியாகப் பட்ட காயத்தைப் பற்றிக் கேட்டபோது, பாதிக்கும் சற்று மேற்பட்டவை பதிவு செய்யப்படவே இல்லை. தொற்று அபாயத்தை முழுமையாகப் படித்தறிந்தவர்களின் நிலையே இது என்றால், அறியாமை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் சொன்ன காரணங்களில் முதலிடம் பெற்றது நேரமின்மை.

இரவுப் பணியில் ஒரு செவிலியரை எண்ணிப் பாருங்கள். முப்பது படுக்கைகளுக்கு இருவர். இரத்தம் எடுத்து முடித்து, பழக்கதோஷத்தில் ஊசிக்கு மூடி போடும்போது அது பக்கவாட்டில் வழுக்கி ஆள்காட்டி விரலில் ஏறுகிறது. கையுறையைக் கழற்றினால் ஒரு சொட்டு இரத்தம். அவர் பஞ்சால் துடைக்கிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார், புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார். அந்த அரை நிமிடத்தில் அவர் மனத்தில் ஓடுவது வைரஸ் மட்டுமன்று. மூடி போடக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களே, இப்போது போய்ச் சொன்னால் கவனக்குறைவு என்று எழுதுவார்களோ? என்னுடைய இரத்தத்தையும் எடுப்பார்களே, அதில் ஏதாவது வந்துவிட்டால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களோ? முடிவைப் பார்ப்பவர் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுபவர்தானே? நான் கீழே போனால் இந்த முப்பது பேரை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட அற்பமானது அன்று. "விழிப்புணர்வு போதவில்லை" என்று சொல்லி மேலும் ஒரு வகுப்பு எடுப்பதால் இவை தீர்வதுமில்லை. பதிலுக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடும், குற்றம் சாட்டாத பதிவு முறையும், அறையை விட்டு வெளியே போகாத பரிசோதனை முடிவும் இருக்கும் இடத்தில் பணியாளர்கள் துணிந்து சொல்வார்கள். அவை இல்லாத இடத்தில் அவர்கள் மௌனம் காப்பதை அவர்களுடைய மனப்பான்மையின் கோளாறு என்று முத்திரை குத்துவது நியாயமாகாது.

அனுபவமுள்ள மருத்துவர்களே மருந்து எடுத்துக்கொள்வதில்லையே, நாங்கள் மட்டும் ஏன்?

பல காயங்களைக் கடந்தும் நலமாக இருப்பவருக்குத் தன்மேல் ஒரு நம்பிக்கை ஏறிவிடுகிறது. ஒவ்வொரு காயமும் தனித்தனி அபாயம். முந்தைய காயங்களில் தப்பியது அடுத்த காயத்துக்குக் கவசமாகாது. மூத்தவர் ஒருவர் தம் காயத்தை இளையவர்களின் கண்முன்னே பதிவு செய்தால், பத்துச் சுவரொட்டிகள் செய்ய முடியாததை அது செய்துவிடும்.

கையுறை போட்டிருந்தேன். அப்படியிருந்தும் மருந்து தேவையா?

ஊசி கையுறையைத் துளைத்துச் செல்லும்போது அதன் வெளிப்புறத்திலுள்ள இரத்தத்தில் ஒரு பகுதியைக் கையுறை துடைத்துவிடுகிறது என்பது சரியே. உட்குழல் ஊசியின் உள்ளே இருக்கும் இரத்தத்தைத் துடைக்கக் கையுறையால் இயலாது. எனவே கையுறை அபாயத்தைக் குறைக்கிறதே தவிர நீக்குவதில்லை. மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

நோயாளிக்கு எச்.ஐ.வி. இருக்கிறதா என்பதே தெரியவில்லை. அல்லது அது யாருக்குப் போட்ட ஊசி என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

நோயாளி யார் என்று தெரிந்தால், அவரிடம் விவரத்தைச் சொல்லி, ஒப்புதல் பெற்று விரைவுப் பரிசோதனை செய்யலாம். முடிவு அரை மணி நேரத்துக்குள் கிடைத்துவிடும். தொற்று இல்லை என்று வந்தால், அவருக்கு அண்மையில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று ஐயுறக் காரணம் ஏதுமில்லாதவரை, மருந்தை நிறுத்திவிடலாம். அவர் எச்.ஐ.வி. சிகிச்சையில் இருந்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் அபாயமும் வெகுவாகக் குறைகிறது. ஆயினும் அதைக் காரணம் காட்டி முதல் மாத்திரையைத் தவிர்க்காமல், மருந்தைத் தொடங்கிவிட்டு மருத்துவருடன் கலந்து முடிவெடுப்பதே நல்லது.

நோயாளியின் முகத்தைப் பார்த்தோ, உடையைப் பார்த்தோ, அவர் பேசும் விதத்தைப் பார்த்தோ "இவருக்கு இருக்காது" என்று முடிவு கட்டுவது பரவலாகக் காணப்படும் பழக்கம். படித்தவர், வயதானவர், குழந்தை, கர்ப்பிணி என்றெல்லாம் பார்த்துப் பலர் மருந்தைத் தவிர்த்திருக்கிறார்கள். தோற்றத்தைக் கொண்டு எச்.ஐ.வி.யைக் கண்டறிய யாராலும் முடியாது.

குப்பையில் கிடந்த ஊசி போல, மூலம் தெரியாத நிலையில், எந்தப் பிரிவிலிருந்து வந்தது, எவ்வளவு பழையது, இரத்தம் இருந்ததா என்பவற்றை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். அந்த ஊசியையே பரிசோதனைக்கு அனுப்புவது பரிந்துரைக்கப்படவில்லை. அதன் முடிவை நம்ப முடியாது; அதைக் கையாள்பவருக்கும் ஆபத்து.

தூய்மைப் பணியாளர்களுக்கும் சலவைப் பணியாளர்களுக்கும் இந்த மருந்து கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். பெப் மருந்துக்குப் பதவி வேறுபாடோ, நிரந்தரப் பணி, ஒப்பந்தப் பணி என்ற வேறுபாடோ கிடையாது. காயமும் அது நேர்ந்த நேரமுமே கணக்கு. ஆனாலும் நடைமுறையில் கடைசியாக நினைக்கப்படுபவர்கள் இவர்கள்தான் என்பதை மறைக்க முடியாது.

செவிலியரைக் குத்தும் ஊசி அவர் கையிலிருந்த ஊசி. தூய்மைப் பணியாளரைக் குத்துவதோ வேறொருவர் தவறான இடத்தில் போட்டுவிட்டுப் போன ஊசி. கழிவுப் பையின் வாயைச் சுருட்டிக் கட்டித் தூக்கும்போது அது தொடையில் உரசுகிறது. பைக்குள் பஞ்சுக்கும் காகிதக் குவளைக்கும் நடுவே கிடந்த ஊசி துணியைத் தாண்டி ஏறுகிறது. சுருக்கென்று குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தால் எறும்புக் கடி அளவுக்கே தெரிகிறது. அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு மருந்து இருப்பதையே சொல்லியிருக்க மாட்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் சொன்னால் நாளை வேலைக்கு வர வேண்டாம் என்பார் என்ற அச்சம் வேறு. இவர்கள் மருந்தை மறுக்கிறார்கள் என்று எழுதுவது தவறு. அவர்களிடம் மருந்து நீட்டப்படவே இல்லை.

எனவே ஊசிக் காயத்துக்கான அறிவிப்பு, மருத்துவர்கள் அறையில் மட்டுமன்றி, கழிவு சேகரிக்கும் இடத்திலும் சலவைக் கூடத்திலும், அங்கு வேலை செய்பவர்கள் பேசும் மொழியில், படிக்க இயலாதவருக்கும் புரியும் படங்களுடன் இருக்க வேண்டும். எந்த நேரத்தில் யாரிடம் போவது என்பதை வேலையில் சேரும் முதல் நாளே வாய்மொழியாகவும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மாத்திரையைச் சாப்பிட்டால் எனக்கே நோய் இருப்பதாக மற்றவர்கள் நினைக்க மாட்டார்களா?

நினைக்கக் கூடும், அந்த அச்சத்தை வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கொடுக்கும் அதே மருந்து, அதே மருந்தகம், சில இடங்களில் அதே வரிசை. புட்டியை வீட்டில் யாராவது பார்த்துப் பெயரைத் தேடினால் என்ன ஆகும் என்று நினைத்து, மாத்திரைகளை வேறு டப்பாவில் மாற்றி வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாற்றுவதானால், ஈரம் படாத, மூடி இறுகிய டப்பாவாக இருக்கட்டும்.

இதில் மருத்துவத் துறையினர் நேர்மையாகப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த அவமான உணர்வு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ள நோயாளியின் கட்டிலில் தனி அடையாளம் மாட்டுவது, அவருக்கு மட்டும் இரட்டைக் கையுறை போடுவது, அவருடைய அறுவை சிகிச்சையைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளுவது ஆகியவற்றைப் பார்த்துப் பழகிய பணியாளர், தனக்கு ஊசி குத்தும்போது அதே பார்வை தன்மேல் திரும்பும் என்று அஞ்சுவதில் வியப்பில்லை. எல்லா நோயாளிகளிடமும் ஒரே பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடித்து, எச்.ஐ.வி. உள்ளவரை மற்றவரைப் போலவே நடத்தும் பிரிவில், காயம் பட்ட பணியாளரும் தயங்காமல் மருந்து கேட்பார் என்பது என் உறுதியான கருத்து.

பக்கவிளைவுகள் கடுமையாக இருக்கும் என்கிறார்களே?

அந்தப் பெயர் பழைய மருந்துகளால் வந்தது. சிடோவுடின் சேர்ந்த கூட்டு மருந்துகள் கடும் குமட்டலையும், வாந்தியையும், அசதியையும், சிலருக்கு இரத்தசோகையையும் தந்தன. நெவிராபின் என்ற மருந்து, பெப் மருந்தாக எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்ததால் அந்தப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. மூத்த பணியாளர்கள் சொல்லும் கதைகள் பொய்யல்ல. அவை வேறு மருந்துகளைப் பற்றியவை.

இன்றைய கூட்டில் முதல் சில நாள்கள் தலைவலி, லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவை வரலாம்; பெரும்பாலும் தாமே அடங்கிவிடும். தூக்கம் கெட்டால் மாத்திரையைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். டெனோபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் தொடக்கத்தில் சிறுநீரகப் பரிசோதனை செய்வார்கள். அமிலநீக்கி மருந்து, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் ஆகியவை டோலுடெகிராவிரின் வேலையைக் குறைக்கும். அவற்றை எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, எடுத்து 6 மணி நேரம் கழித்தோ அதைச் சாப்பிட வேண்டும். நீரிழிவுக்கு மெட்பார்மின், காசநோய்க்கு ரிபாம்பிசின், வலிப்பு நோய்க்கான மருந்துகள் ஆகியவற்றை எடுத்துக்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கல்லீரல் அழற்சி பி உள்ளவர்கள் மருந்தை நிறுத்தும்போது அந்நோய் திடீரெனத் தீவிரமடையலாம் என்பதால் அதையும் முன்கூட்டியே பரிசோதிப்பார்கள்.

இரண்டு வாரத்தில் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடலாமா?

கூடாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பெப் தொடங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களே 28 நாள்களையும் முடித்திருக்கிறார்கள். முதல் நாள் இருந்த பயம் பத்தாம் நாள் தணிந்துவிடுகிறது, குமட்டல் தொடர்கிறது, மீண்டும் மருந்து வாங்கப் போக நேரம் கிடைப்பதில்லை. ஆகவே மூன்று நாளுக்கோ ஒரு வாரத்துக்கோ பிரித்துப் பிரித்துக் கொடுக்காமல் முழுக் காலத்துக்கும் முதல் நாளே மருந்தைக் கொடுத்துவிடுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்தவுடன் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்க வேண்டாம். பக்கவிளைவு தாங்க முடியாவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். டோலுடெகிராவிரால் கருவின் நரம்புக் குழாய் வளர்ச்சி பாதிக்கப்படுமோ என்று 2018இல் ஐயம் எழுந்தது. பின்னர் சேர்ந்த கூடுதல் தரவுகள் அந்த ஐயத்தைப் போக்கிவிட்டன.

பெப் இருக்கிறது என்று தெரிந்தால் பணியாளர்கள் கவனக்குறைவாக ஆகிவிடுவார்களே?

சில நிர்வாகிகள் இதைச் சொல்லியே மருந்து இருப்பதைப் பரவலாக அறிவிக்காமல் விடுகிறார்கள். இது ஏற்கத்தக்க வாதமன்று. ஒரு மாதம் மாத்திரையும் மூன்று மாதக் கவலையும் காத்திருக்கின்றன என்பதற்காக யாரும் விரலை ஊசிக்கு நீட்டுவதில்லை. மேலும், பெப் எச்.ஐ.வி.யை மட்டுமே தடுக்கும். தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஊசிக் காயத்தால் கல்லீரல் அழற்சி பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை உயரக்கூடும், எச்.ஐ.வி.யைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய அபாயம் அது. அதற்குத் தடுப்பூசி உண்டு; கல்லீரல் அழற்சி சி வகைக்குத் தடுப்பூசியும் இல்லை, பெப்பும் இல்லை. ஊசிக்கு மீண்டும் மூடி போடாமல் இருப்பதும், கூர்முனைக் கழிவுப் பெட்டியைக் கை எட்டும் தொலைவில் வைப்பதும், அது முக்கால் பங்கு நிறைந்தவுடன் மாற்றுவதும் எப்போதும் மருந்துக்கு முன்னால் வர வேண்டியவை.

பாலியல் தொழிலில் இருப்பவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 2014 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில், பணியிடக் காயம், உடலுறவு, வன்கொடுமை என்று பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே நெறிமுறைதான். ஆணுறை கிழிந்தாலோ, வற்புறுத்தலுக்கு ஆளானாலோ அதே 72 மணி நேரமும் அதே 28 நாளும் பொருந்தும். இவர்களுடைய தயக்கம் மருந்தைப் பற்றியதைவிட, மருந்து கொடுக்கும் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்பார் என்பதைப் பற்றியது. நடந்ததைப் பலமுறை விவரிக்கச் சொல்வதும், காவல் துறையில் புகார் இருந்தால்தான் மருந்து என்பதும் மணி நேரங்களை விழுங்கிவிடுகின்றன. சமூக அளவிலான மையங்கள் வழியாகவும், மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் வழியாகவும் பெப் வழங்கலாம் என்று 2024இல் வந்த பரிந்துரை இந்தத் தடைகளைக் கருதியே எழுந்தது. அடிக்கடி பெப் தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள், 28 நாள்கள் முடிந்து பரிசோதனை செய்த பின், தொற்று அபாயத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் பிரெப் மருந்துக்கு மாறுவது பற்றிக் கேட்கலாம்.

பரிசோதனைகள் எப்போது? அதுவரை எப்படி இருக்க வேண்டும்?

காயம் பட்ட அன்று ஒருமுறை, பின்னர் 4 முதல் 6 வாரத்திலும் 12 வாரத்திலும். முதல் பரிசோதனை, காயத்துக்கு முன்பே தொற்று இருந்ததா என்பதை அறியவும், பின்னாளில் இழப்பீடு கோர நேர்ந்தால் சான்றாக இருக்கவும் தேவைப்படுகிறது. கடைசிப் பரிசோதனை வரை உடலுறவில் ஆணுறை பயன்படுத்த வேண்டும். இரத்த தானம் செய்யக் கூடாது. வேலையிலிருந்து விலகி நிற்க வேண்டிய அவசியமில்லை. வீட்டாருடன் ஒரே தட்டில் சாப்பிடுவதிலோ குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதிலோ எந்தத் தடையுமில்லை. இடையில் காய்ச்சல், தோல் தடிப்பு, நெறிகட்டுதல் தோன்றினால் குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

நிர்வாகத்திடம் எதை எதிர்பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு?

பணியிடத்தில் எச்.ஐ.வி. குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் ஏற்றுக்கொண்ட 200ஆம் பரிந்துரை, தொற்று வாய்ப்பு நேர்ந்த பணியாளருக்குத் தடுப்பு மருந்து கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும், பரிசோதனை அவரவர் விருப்பத்தின்பேரிலேயே நடக்க வேண்டும் என்றும், முடிவு இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. நடைமுறையில் முதலில் கேட்க வேண்டியது எளியது: நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் முதல் மாத்திரை எந்த அலமாரியில் இருக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கும்? இதற்கு உடனடியாக விடை சொல்ல முடியாத நிர்வாகத்தின் கொள்கை ஆவணம் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் பயனில்லை.

உடன் பணிபுரிபவர் ஊசி குத்தியதை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்கிறார். நான் என்ன செய்வது?

அவர் உங்களிடம் சொன்னதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். மேலே குறிப்பிட்ட 2007 ஆய்விலும், காயம் பட்டதை இன்னொருவர் அறிந்திருந்தபோது அது பதிவு செய்யப்படும் வாய்ப்பு கூடியிருந்தது. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். "பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிடவும் வேண்டாம். குத்திய நேரத்தைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய படுக்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, மருந்து கொடுக்கும் இடம் வரை அவருடன் நடந்து செல்லுங்கள். பொறுப்பாளரிடம் சொல்ல அவர் தயங்கினால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ, எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கோ போய் முதல் மாத்திரையை எடுத்துக்கொள்ளட்டும். பதிவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். விஷயத்தை வேறு யாரிடமும் நீங்கள் பேசக் கூடாது. பத்து நாள் கழித்து, ஆள் இல்லாத இடத்தில், மாத்திரையைத் தொடர்கிறாரா என்று ஒருமுறை கேளுங்கள்; பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் விடுவது அந்த நாள்களில்தான்.